பன்னிரண்டாம் மாடிக்கு மேலே

உடையார்பாளையம்
12-3-1983

கொளஞ்சியம்மாளுக்கு,

உன் கார்டு வந்தது. நான்கு வரி. முதல் வரியில் அம்சவள்ளிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்கிறாய். என் மகளுக்குக் காய்ச்சல் வந்ததையே எனக்கு யாரும் எழுதவில்லை; விட்டதை மட்டும் எழுதினால் நான் என்ன செய்ய? மூன்றாவது வரியில், கடைத்தெருவில் வெண்டைக்காய் பார்த்தவள் மாதிரி, மவுண்ட் ரோட்டில் நம் கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருக்கிறார்கள் என்று எழுதுகிறாய். நான்காவது வரியில் முடித்துக்கொண்டாய்.

என்ன சாரம்? சவுக்குக் கழியா, இரும்புக் குழாயா? எந்த மாடி வரைக்கும்? உச்சியைத் தாண்டி மேலே போகிறதா? மேஸ்திரி பெண்டாட்டிக்கு இதைக்கூடப் பார்க்கத் தெரியாதா?

ஐம்பத்தேழில் நாம் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு பள்ளம்தான் இருந்தது. ஐம்பத்தொன்பதில் பன்னிரண்டு மாடி நின்றது. அத்தனை மாடிக்கும் கான்கிரீட் ஊற்றப் பலகை அடித்து முட்டுக் கொடுத்தவன் நான். உச்சியில் பதினெட்டுத் தூண்களின் தலையிலும் முழங்கால் உயரத்துக்குக் கம்பியை விட்டுவிட்டு வந்தேன். கம்பி விட்டிருந்தால் மேலே இன்னும் எழுப்பப்போகிறார்கள் என்று அர்த்தம். "இன்னும் ரெண்டு மாடி இருக்கு மேஸ்திரி, அப்ப உங்களத்தான் கூப்பிடுவோம்" என்று என்ஜினீயர் சொல்லித்தான் அனுப்பினார். இது உனக்குத் தெரியாததல்ல. மறந்தவள் போல எழுதுவதால் எழுதுகிறேன்.

நீ மெட்ராஸுக்கு அம்சவள்ளியிடம் போய் இரண்டு வருடமாகிறது. மழையில் மேலண்டைச் சுவர் சரிந்ததற்காகப் போனவள் நீ. ஒரு மண் சுவர். அதை நான் எந்த நாளில் வேண்டுமானாலும் எழுப்புவேன். அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலைக் குடியிருப்பு கட்டக் கூப்பிட்டபோது நான் போகவில்லை என்பதும் உனக்குக் குறை. அங்கே கைவேலையில் இருக்கும்போது மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தால் பாதியில் விட்டுப் போக முடியுமா? "கூப்பிடும்போது நீங்க போங்க, நான் இப்பவே போறேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினாய். இப்போது பார், சாரம் கட்டிவிட்டார்கள்.

டீக்கடை ராசாங்கம் இப்போதும் கேட்கிறான்: "என்ன மேஸ்திரி, இன்னிக்கித் தபால்ல மாடி வந்துச்சா?" வரும்.

மொட்டை மாடிக்குப் போய்ப் பார். என் கம்பி எப்படி நிற்கிறது என்று எழுது. காவல்காரனிடம் கேட்காதே, மேஸ்திரி யாரென்று விசாரித்து அவனிடம் கேள்.

இராமலிங்கம்


சைதாப்பேட்டை, சென்னை
24-3-1983

அம்சவள்ளி அப்பாவுக்கு,

கொளஞ்சி எழுதுவது. உங்கள் கடிதத்தில் கட்டடம் எப்படி இருக்கிறது, சாரம் எப்படி இருக்கிறது, கம்பி எப்படி இருக்கிறது என்று எல்லாம் விசாரித்திருக்கிறீர்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று அரை வரி இல்லை. நானும் பழைய கட்டடம்தான். எனக்கும் அங்கங்கே விரிசல் உண்டு. பார்க்கத்தான் மேஸ்திரி இல்லை.

சாரம் இரும்புக் குழாய். கட்டடத்தைப் புதுப்பிக்கிறார்களாம். முகப்பில் நாம் சீப்பு என்று சொல்வோமே, அந்த வெயில் மறைப்புக் கான்கிரீட் பலகைகளை உடைத்து எடுக்கிறார்கள். அதற்குப் பதில் கீழிருந்து மேல்வரை கண்ணாடி போடுவார்களாம். இப்போது நாலாவது மாடி வரை பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. பார்க்க எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அந்தப் பல் ஒவ்வொன்றுக்கும் நான் சட்டி சுமந்திருக்கிறேன். மத்தியானச் சங்கு ஊதினால் நீங்கள் மேலே பலகை விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பீர்கள். நான் கீழே கலவைக் குழியருகே கழுத்தைத் தூக்கிப் பார்ப்பேன். அந்த உயரத்தில் முகமா தெரியும்? தலையில் கட்டிய சிவப்புத் துண்டுதான் தெரியும். அது போதுமாக இருந்தது.

காவல்காரன் உள்ளே விடவில்லை. ஆனால் கேட்டுக்கு வெளியே ஒருவர், "ஏம்மா, எந்தூரு நீங்க? பேச்சு நம்ம பக்கமால்ல இருக்கு?" என்றார். உடையார்பாளையம் என்றேன். "நான் செட்டிகுளம்மா. இங்க வேல பாக்குற ஆளுங்க முப்பது பேரும் கடையில தின்னு வயித்துக்கடுப்புல கெடக்கிறானுவோ. நீங்க ஆக்கிக் கொண்டாந்து போடுறீங்களா?" என்று கேட்டார். வைத்திலிங்கம் என்று பேர். அவர்தான் இந்த வேலைக்கு மேஸ்திரி. திங்கட்கிழமையிலிருந்து சோறு கொண்டுபோகிறேன். மாடிக்கு விடச் சொல்லிக் கேட்கிறேன்.

சாப்பிடுகிறீர்களா?

கொளஞ்சி


உடையார்பாளையம்
2-4-1983

கொளஞ்சியம்மாளுக்கு,

சாப்பிடுகிறேன். எனக்கு உப்பு அளவு தெரியும். நேற்று குழம்பைக் கீழே கொட்டியதற்குக் காரணம் வேறு.

சீப்பை உடைக்கிறவர்களுக்கு அது எதற்கு வைத்தது என்று தெரியுமா? வரைபடத்தை விரித்துவைத்து நான் ஒரு வாரம் பார்த்தேன். சித்திரை வெயில் பத்து மணிக்கு எந்தச் சாய்வில் அடிக்கிறது, அந்த நிழல் உள்ளே மேசைமேல் எங்கே விழும் என்று கணக்குப் போட்டு வைத்த பலகைகள் அவை. தூணில்லை, சிற்பமில்லை, தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்ததுபோல் இருக்கிறது என்று அந்தக் காலத்தில் தெருவில் போனவர்கள் சிரித்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்தவன் சிரிக்கவில்லை. குளுகுளுவென்று இருக்கும். கண்ணாடி போட்டால் கொதிக்கும், பிறகு இயந்திரம் வைத்துக் குளிர வைப்பார்கள். அது அவர்கள் பாடு.

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. தா.பழூரில் அடுத்தவன் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவன். வரைபடம் பார்க்க எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானே பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். யாரிடமும் போய் இது என்ன என்று நின்றதில்லை.

முகப்பைப் புதுப்பிக்கிறவர்கள் மேலே ஏற்றாமல் விடுவார்களா? அதற்குத்தான் இந்த ஏற்பாடு. நீ மாடிக்குப் போ. முப்பது பேருக்குச் சோறாக்கிப் போடுகிறவளுக்கு மேலே போக நேரமில்லையா? எனக்கு ஒருவனுக்கு ஆக்கியபோது அலுப்பு என்றாய்.

இராமலிங்கம்


சைதாப்பேட்டை
19-4-1983

அம்சவள்ளி அப்பாவுக்கு,

மாடிக்குப் போனேன். வைத்திலிங்கம் அழைத்துப்போனார். ஏழாவது மாடி வரை லிப்டில், பிறகு படி.

அங்கிருந்து கடல் தெரிகிறது. இதை நீங்கள் ஏன் எனக்குச் சொல்லவேயில்லை? ஒன்பதாவது மாடித் தளம் போட்டதும் வயிற்றுப் பிள்ளையோடு என்னை ஊருக்கு ரயிலேற்றிவிட்டீர்கள். அதற்கு மேல் நான் பார்த்ததில்லை. அத்தனை பெரிய தண்ணீர், ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, கப்பல்கள் நகராமல் நிற்கின்றன. காற்று புடவையைப் பறிக்கிறது. நீங்கள் தினமும் இதைப் பார்த்துக்கொண்டா பலகை அடித்தீர்கள்? கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

கம்பி இருக்கிறது.

அம்சவள்ளி நன்றாக இருக்கிறாள். வெயில் அதிகம். மோர் குடியுங்கள்.

கொளஞ்சி


உடையார்பாளையம்
28-4-1983

கொளஞ்சிக்கு,

கம்பி இருக்கிறது! இந்த இரண்டு வார்த்தையை எழுத உனக்குக் கடலைப் பற்றி ஒரு முழம் எழுதவேண்டியிருந்தது. பரவாயில்லை.

அன்றைக்கே தோப்புக்கார ஆண்டவர் வீட்டுக்குப் போய்விட்டேன். "முந்திரித் தோப்புக் காவலுக்கு வேறு ஆள் பாருங்க" என்றேன். "காய் விழுற நேரத்துல விட்டுட்டுப் போறேங்கிறியே, எங்கய்யா போற?" என்றார். "மெட்ராஸ்ல வேல இருக்குங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

தூக்குக்குண்டைத் தேய்த்து வைத்திருக்கிறேன். ரசமட்டத்தில் குமிழி சரியாகத்தான் நிற்கிறது. வாளுக்கு அரம் போட்டாயிற்று. ராசாங்கம் கடையில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன்.

இப்போது நீ செய்யவேண்டியது ஒன்று. அந்த வைத்திலிங்கத்திடம் என் விலாசத்தைக் கொடு. கம்பெனி ஆபீசில் கொடுக்கச் சொல். அவர்கள் கூப்பிட்டால்தான் வருவேன். சும்மா போய் வாசலில் நிற்கிறவன் நானில்லை.

நாம் திரும்ப அங்கே ஒன்றாக இருப்போம். குடிசையில் இல்லை. இந்தத் தடவை வாடகைக்கு வீடு பார்க்கலாம்.

இராமலிங்கம்


சைதாப்பேட்டை
6-5-1983

அம்சவள்ளி அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டேன்.

நீங்கள் காவல் வேலையை விடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. நான் எழுதியது பொய். கம்பி இல்லை. நான் போன அன்றைக்கு மேலே அறுத்துக்கொண்டிருந்தார்கள். தூண் தலைகளைச் சுற்றிச் செங்கல் கட்டி மூடியிருந்திருக்கிறார்கள், அதையெல்லாம் உடைத்துவிட்டு, காஸ் நெருப்பு வைத்து அறுத்து ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். உதிர்ந்து போய்ச் சுள்ளி மாதிரி கிடந்தது.

வைத்திலிங்கம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மறைத்து எழுதி என்ன ஆயிற்று என்று பார்த்தாகிவிட்டது.

"பாருங்கம்மா இந்த அநியாயத்த. பன்னெண்டு மாடியோட முடிஞ்ச கட்டடம். அஸ்திவாரமே பன்னெண்டுக்குத்தான். எவனோ ஒரு பட்டிக்காட்டு மேஸ்திரி, ஊருல மச்சு வூடு கட்டுற நெனப்புல, எல்லாத் தூணுக்கும் கம்பிய நீட்டி வுட்டுட்டுப் போயிருக்கான். இருவத்தி நாலு வருசமா மழத்தண்ணி கம்பி வழியா உள்ள எறங்கி, துரு ஊதி, தளமெல்லாம் விரிசல். கீழ ஆபீஸ்ல ஃபைலெல்லாம் ஊறிப்போச்சுன்னுதான் இந்த ரிப்பேரே ஆரம்பிச்சிது."

கம்பி அறுத்தவன் ஒருவன் சிரித்துக்கொண்டே, "அந்தாளு இன்னும் மேல மாடி வரும்னு எங்கியாவது குந்திக்கிட்டிருப்பான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் என் வீட்டுக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். உங்களுக்கு நான் செய்த பெரிய துரோகம் அதுதான். பொய் எழுதியதுகூட இல்லை.

ஒன்று கேட்கிறேன். கோபிக்காமல் சொல்லுங்கள். அஸ்திவாரம் பன்னிரண்டுக்குத்தான் என்றால், இன்னும் இரண்டு மாடி இருக்கிறது, கூப்பிடுகிறோம் என்று அந்த என்ஜினீயர் எப்படிச் சொல்லியிருப்பார்?

கொளஞ்சி


உடையார்பாளையம்
30-5-1983

கொளஞ்சிக்கு,

அவர் சொல்லவில்லை.

மச்சு வீட்டுக்குக் கம்பி விடுவது போலத்தான் விட்டேன். நம் பக்கத்தில் மெத்தை வீடு கட்டுகிற யாராவது கம்பியை மடக்கி முடிப்பார்களா? மகன் தலையெடுத்தால் மேலே ஒரு மாடி எடுப்பான் என்று விட்டு வைப்பார்கள். முடிப்பது அபசகுனம். எனக்குக் கை அப்படிப் பழகியது. கம்பியை மடக்கித் தளத்துக்குள் முடிக்கவேண்டும் என்று வரைபடத்தின் மூலையில் இங்கிலீசில் எழுதியிருந்ததாம். கோடு எல்லாம் எனக்குப் படிக்கத் தெரியும். அந்த மூலை எழுத்து என்னவென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தளம் போட்ட மறுநாள் என்ஜினீயர் மேலே வந்தார். எல்லா ஆட்களுக்கும் முன்னால், "இது என்ன உங்க ஊரு மச்சு வீடாய்யா? யாருய்யா உன்ன மேஸ்திரின்னு சொன்னது?" என்று கேட்டார். அன்றைக்கே என் சாமான்களைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு ஆறு மாதம் இருந்தது.

ஊருக்கு வந்தேன். நீ பிள்ளை பெற்றுக் கிடந்தாய். "வேல முடிஞ்சுதா?" என்று கேட்டாய். முகம் அப்படி மலர்ந்திருந்தது. "இன்னும் ரெண்டு மாடி இருக்கு, கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டேன். முதலில் உனக்குச் சொன்னேன். பிறகு ஊருக்கு. திரும்பத் திரும்பச் சொன்னதில் அந்த என்ஜினீயர் குரலே என் காதில் அப்படிக் கேட்க ஆரம்பித்துவிட்டது. சாரம் என்று உன் கார்டில் படித்ததும் நான் நினைத்தது இதுதான்: உண்மையிலேயே மேலே இரண்டு மாடி ஏற்றிவிட்டார்கள் என்றால், நான் கம்பி விட்டது சரி என்று ஆகிவிடும். நான் சொன்னது பொய்யாக இருக்காது.

இன்னொன்றும் எழுதவேண்டும். இருபதாம் தேதி நான் மெட்ராஸ் வந்தேன். அரியலூரில் ரயிலேறி, எழும்பூரில் இறங்கி நடந்தே வந்தேன். எதிர்ப்பக்கத்துப் பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தேன். மேலே ஐந்து மாடியில்தான் சீப்பு மிச்சம். கீழே கண்ணாடி. கண்ணாடியில் வேறு கட்டடங்கள் தெரிகின்றன, அதன் முகம் தெரியவில்லை.

சுவரோரம் நீ தூக்குப் பாத்திரத்தோடு இருந்தாய். நரை கூடியிருக்கிறது. கரண்டியைப் பிடிக்கும்போது இடது தோளைக் கொஞ்சம் தூக்குகிறாய், சட்டி சுமந்த தோள். யாரோ ஏதோ சொல்ல, நீ தலையை ஆட்டிச் சிரித்தாய். சத்தம் கேட்கவில்லை, நடுவில் பஸ் போய்க்கொண்டிருந்தது. சாலையைத் தாண்ட ஒரு நிமிடம் ஆகாது. தாண்டவில்லை. பொய் சொல்லி உன்னை இடிந்த வீட்டில் உட்காரவைத்தவன், உன் முன்னால் வந்து தட்டை நீட்டுவதா? சாயங்கால ரயிலுக்குத் திரும்பிவிட்டேன்.

கம்பியில் வருடம் ஒருமுறை சிமெண்டுப் பால் அடித்திருந்தால் துரு பிடித்திருக்காது. இதை எவனிடமும் சொல்வேன்.

இராமலிங்கம்


சைதாப்பேட்டை
7-6-1983

அம்சவள்ளி அப்பாவுக்கு,

நீங்கள் நின்றதை நான் பார்த்தேன்.

பஸ் ஒவ்வொன்றாக வந்து போயிற்று, நீங்கள் எதிலும் ஏறவில்லை. ஒரு மணி நேரத்துக்குமேல் நின்றீர்கள். எனக்கு வீம்பு. அவராகத் தாண்டி வரட்டும் என்று குனிந்து சோறு போட்டுக்கொண்டே இருந்தேன். சிரித்ததுகூட, நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன் என்று உங்களுக்குக் காட்டத்தான். நிமிர்ந்தபோது நீங்கள் இல்லை. பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு எழும்பூர்ப் பக்கம் கொஞ்ச தூரம் ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில் மவுண்ட் ரோட்டில் ஓடினால் எல்லோரும் வழிவிடுகிறார்கள்.

திரும்பி வந்ததும் வைத்திலிங்கம், "யாரும்மா அது? கடன்காரனா?" என்றார். இந்தத் தடவை எனக்கு வாய் வந்தது. "எங்க வூட்டுக்காரர். நீங்க பட்டிக்காட்டு மேஸ்திரின்னீங்களே, அவருதான். இந்தப் பன்னெண்டு மாடிக்கும் பலகை அடிச்சவரு" என்றேன். அவர் தட்டைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "மன்னிச்சுக்கம்மா. ஒண்ணு சொல்லட்டா? இந்தச் சீப்ப பதினஞ்சு நாள்ல ஒடச்சுப்புடலாம்னு கணக்குப் போட்டு வந்தோம். மூணு மாசமாவுது. சம்மட்டி எகிறுது. ஒடைக்கும்போதெல்லாம் எவன்டா இத அடிச்சவன்னு திட்டிக்கிட்டே கும்புட்டுக்கிட்டிருக்கோம்."

நீங்கள் சொன்ன பொய்க்கு நான் அழுதேன். என்ஜினீயர் திட்டியதை அன்றைக்கே சொல்லியிருந்தால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உங்களோடு உட்கார்ந்து அவரைத் திட்டியிருப்பேன். இருபத்து நான்கு வருடம் நீங்கள் தனியாகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

கம்பெனி கூப்பிடாது. அந்த என்ஜினீயர் இருக்கிறாரோ இல்லையோ. நான் இருக்கிறேன். இங்கே உங்களுக்கு மாடி இல்லை, வேலை இல்லை. தண்ணீர்க் குழாயில் வரிசை, பக்கத்து வீட்டுச் சண்டை, ஒரே அறை. அதற்குத்தான் கூப்பிடுகிறேன்.

வாங்க.

கொளஞ்சி


உடையார்பாளையம்
14-6-1983

கொளஞ்சிக்கு,

கடிதம் நேற்றுத்தான் வந்தது. தபால்காரர் வீட்டில் ஏதோ விசேஷமாம், இரண்டு நாள் தாமதம். அவருக்கென்ன தெரியும்.

ராசாங்கம் கடையில் உட்கார்ந்துதான் பிரித்தேன். "என்ன மேஸ்திரி, கம்பெனிக் கடுதாசியா?" என்றான். "கம்பெனி எதுக்குடா? எம் பொண்டாட்டி கூப்புட்டிருக்கா" என்றேன். நாலு பேர் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ராசாங்கம் என் டீயில் கேட்காமலே இன்னும் ஒரு கரண்டி சீனியைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டான்.

ஆண்டவர் தோப்புக்குத் திரும்ப வரச்சொல்லி ஆள் விட்டிருந்தார். முடியாது என்றேன். காரணம் கேட்டதற்கு, மெட்ராஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். முதல் தடவையாக அது உண்மை.

சில விஷயங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டடத்துக்குள் நான் கால் வைக்க மாட்டேன். வைத்திலிங்கம் மன்னிப்புக் கேட்டால் கேட்டுக்கொள்வேன், நானாக அவனிடம் பேச மாட்டேன். பலகை எப்படி அடித்தாய் என்று கேட்டால் சொல்வேன், கேட்டால் மட்டும். குழாய் வரிசையில் நிற்பேன். இடிந்த சுவர் இடிந்தபடியே இருக்கட்டும், அதைப் பற்றி இனி இரண்டு பேரும் பேசவேண்டாம்.

வியாழக்கிழமை காலை ரயில். இதற்குப் பதில் எழுதாதே. அது இங்கே வந்து சேரும்போது வாங்குவதற்கு ஆள் இருக்காது.

இராமலிங்கம்